வலைச் செயலிக்கு டைப் உள்ள ஃபங்ஷனல் மொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவாஸ்கிரிப்டும் ரியாக்ட்டும் ஓரளவு தெரிந்தவர்கள் எல்ம், பியூர்ஸ்கிரிப்ட், ஹாஸ்கெல் போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டதும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மொழிகளின் பெரிய லாபம், எழுதி ஒரு வருடமான நிரலைப் பயமில்லாமல் திருத்த முடிவது. பெரிய செலவு, வெளியுலகத்தோடு பேசும் எல்லைகளில் வருவது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான் வருகின்றன.

டைப் உள்ள ஃபங்ஷனல் மொழி என்றால் என்ன?

இரண்டு குணங்கள் சேர்ந்தது. ஃபங்ஷனல் என்றால், ஒரு ஃபங்ஷன் தனக்குக் கொடுத்ததை வைத்து மட்டும் விடை சொல்லும்; போகிற போக்கில் வேறெங்கோ இருக்கும் மாறியை மாற்றி வைக்காது. டைப் உள்ள மொழி என்றால், எந்த மதிப்பு எந்த வகை என்பது நிரல் ஓடும் முன்பே, அதை ஓடும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலருக்குத் தெரியும்; பொருந்தாததைக் கொடுத்தால் நிரலைக் கட்டவே மறுத்துவிடும். க்ளோஜர் ஃபங்ஷனல் மொழிதான், ஆனால் இந்த டைப் சோதனை அதில் இல்லை. பழைய ஜாவாவில் டைப் உண்டு, ஃபங்ஷனல் பழக்கம் இல்லை.

இந்தக் குடும்பத்தின் வேர் எடின்பரோவில் இருக்கிறது. 1970களில் ராபின் மில்னர் அங்கே எம்எல் என்ற மொழியை உருவாக்கினார். டைப்பை நாம் எழுதாவிட்டாலும் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. ஜாவாவில் பழகியவர்களுக்கு டைப் என்றாலே நிறைய டைப்பிங் என்ற எண்ணம் இருக்கும்; இங்கே அப்படி இல்லை. ஓகாமல், ஹாஸ்கெல், எஃப்ஷார்ப், எல்ம் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இவற்றில் 'நல்' (null) இல்லை என்கிறார்களே, மதிப்பு இல்லாத இடத்தை எப்படிக் காட்டுவது?

அதற்கென்றே ஒரு டைப் இருக்கிறது. எல்ம்மிலும் ஹாஸ்கெல்லிலும் மேபி, ஓகாமலிலும் எஃப்ஷார்ப்பிலும் ஆப்ஷன். பட்டியலின் முதல் உறுப்பைக் கேட்டால் எல்ம் உறுப்பைத் தராது, 'ஒருவேளை உறுப்பு' என்று ஒன்றைத் தரும். பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வது என்று எழுதிய பிறகுதான் உள்ளே இருப்பதைத் தொட விடும். நல் என்பதை 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றே பேசினார். வலைப்பக்கத்தில் 'அன்டிஃபைண்ட்' எரரோடு இரவு முழுக்க மல்லுக்கட்டியவர்களுக்கு அந்தத் தொகை குறைவாகத்தான் தோன்றும்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறதே, போதாதா?

பல இடங்களில் போதும். ஒரு குழுவில் பத்துப் பேர் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தால், அவர்களை நாளைக்கே டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் அதன் நோக்கம் வேறு. 2012இல் மைக்ரோசாஃப்ட் அதை வெளியிட்டபோது, ஏற்கெனவே உலகெங்கும் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டோடு ஒத்துப்போவதுதான் முதல் நிபந்தனை. டைப் சோதனை முழுக்க நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது தங்கள் குறிக்கோள் இல்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஓட்டைகள் உண்டு. சர்வரிலிருந்து வரும் ஜேசன் (JSON) தரவைப் பிரித்தால் கிடைப்பது 'எனி', அதாவது எதுவாகவும் இருக்கலாம் என்ற டைப். அதை 'பயணி' என்று நீங்கள் அறிவித்துவிட்டால் கம்பைலர் கேள்வி கேட்காமல் நம்பிவிடும். மூன்று எண்கள் உள்ள வரிசையில் பத்தாவதைக் கேட்டாலும், அதற்கான தனி அமைப்பை இயக்கவில்லை என்றால், எண் கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். எல்ம்மிலோ பியூர்ஸ்கிரிப்டிலோ 'என்னை நம்பு' என்று சொல்லிக் கம்பைலரைத் தாண்டிப்போக அவ்வளவு சுலபமான வழி கிடையாது. பியூர்ஸ்கிரிப்டில் வழி உண்டு, ஆனால் அதன் பெயரிலேயே 'பாதுகாப்பற்றது' என்று ஒட்டியிருக்கும். கோட் ரிவ்யூவில் உடனே கண்ணில் படும்.

பேச்செல்லாம் சரி, ஒரு உதாரணம் காட்டுங்கள்.

ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் அவசரமாக எழுதினால் ஒரு ஆப்ஜெக்ட் வைப்போம்: நிலை என்று ஒரு சரம், கோச், இருக்கை, காத்திருப்பு எண். டிக்கெட் உறுதியானால் கோச்சிலும் இருக்கையிலும் மதிப்பு இருக்கும், இல்லையென்றால் காத்திருப்பு எண்ணில் இருக்கும். எது எப்போது இருக்கும் என்பது எழுதியவர் தலைக்குள் மட்டும்தான். நிலை 'காத்திருப்பு', இருக்கை 32 என்று ஒரு அபத்தமான டிக்கெட்டை உருவாக்கினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

எல்ம் போன்ற மொழியில் இதையே இப்படி அறிவிக்கலாம். சொற்களைத் தமிழில் போட்டிருக்கிறேன், அமைப்பு அதேதான்:

வகை டிக்கெட்
= உறுதி கோச் இருக்கை
| ஆர்ஏசி எண்
| காத்திருப்பு எண்

செங்குத்துக் கோட்டை 'அல்லது' என்று படிக்கவும். ஒரு டிக்கெட் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். காத்திருப்பில் இருக்கும் டிக்கெட்டுக்கு இருக்கை எண் கொடுக்க நினைத்தாலும் முடியாது. அதை வைக்க இடமே இல்லை. அபத்தமான டிக்கெட்டைச் சோதித்துத் தடுக்கும் நிரலே எழுத வேண்டியதில்லை.

உண்மையான பலன் ஆறு மாதம் கழித்துத் தெரியும். 'ரத்து ரீஃபண்ட்' என்று நாலாவது வரி ஒன்று சேர்க்கிறீர்கள். கம்பைலர் உடனே நின்றுவிடும். டிக்கெட்டை எங்கெல்லாம் பிரித்துப் பார்க்கிறீர்களோ, அதாவது திரையில் காட்டும் இடம், எஸ்எம்எஸ் எழுதும் இடம், கட்டணம் கணக்கிடும் இடம், ஒவ்வொன்றையும் வரி எண்ணோடு பட்டியலிடும். எல்ம்மின் எரர் 'நான்' என்றே பேசும்: எல்லாச் சாத்தியங்களும் இங்கே இல்லை, 'ரத்து' விடுபட்டிருக்கிறது, அது வந்தால் நான் நொறுங்கிப்போவேன், சேர்த்துவிடு என்கிற ரீதியில். வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் எரர் தீர்ந்துவிடும், மாற்றமும் முடிந்திருக்கும். எந்த இடத்தை மறந்தோம் என்று தேடி, வாடிக்கையாளர் திரையில் வெள்ளைப் பக்கம் வந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

டைப்ஸ்கிரிப்டிலும் இந்த அமைப்பைக் கொண்டுவரலாம். எந்த வகை என்று சொல்லும் குறியீட்டுப் புலம் ஒன்று வைத்து, விடுபட்டதைப் பிடிக்க 'நெவர்' டைப்பையும் பயன்படுத்தினால் முக்கால்வாசி பலன் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாம் நினைவாகச் செய்ய வேண்டும்.

எல்ம் எங்கிருந்து வந்தது?

இவான் ஷாப்லிக்கி 2012இல் ஹார்வர்டில் எழுதிய ஆய்வேட்டிலிருந்து. பிரவுசரில் ஓடும் திரைகளை ஃபங்ஷனல் முறையில் எழுதுவதே அதன் பொருள். கம்பைலர் ஹாஸ்கெல்லில் எழுதப்பட்டது, வெளியே வருவது ஜாவாஸ்கிரிப்ட். பிறகு ப்ரெசி நிறுவனமும் அதன்பின் நோரெட்இங்க் நிறுவனமும் அவரை வேலைக்கு வைத்து மொழியை வளர்க்க இடம் கொடுத்தன. 2016இல் வந்த 0.17 பதிப்பில் ஆரம்பகாலக் கருத்தான சிக்னல்களையே, அதாவது நேரத்தோடு மாறும் மதிப்புகளையே, தூக்கிப் போட்டார்கள். மொழியின் பிறப்புக்கே காரணமாக இருந்த ஒன்றை, கற்றுக்கொள்ளக் கடினமாக இருக்கிறது என்று நீக்குவது அபூர்வம்.

மிஞ்சியதுதான் எல்ம் கட்டமைப்பு. முழுச் செயலியின் நிலை ஒரே இடத்தில் இருக்கும். நடப்பதெல்லாம் ஒரு செய்தியாக வரும். பழைய நிலையையும் செய்தியையும் வாங்கிப் புதிய நிலையைத் தருவது ஒரு ஃபங்ஷன். நிலையைத் திரையாக்குவது இன்னொரு ஃபங்ஷன். எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ரியாக்ட்டோடு பயன்படுத்தும் ரீடக்ஸ் லைப்ரரி இதைப் பார்த்துத்தான் கற்றது, அதன் ஆவணத்திலேயே எல்ம்முக்கு நன்றி இருக்கிறது. எல்ம்மைத் தொடாமலே எல்ம் எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எல்ம்மில் ரன்டைம் எரரே (நிரல் ஓடும்போது உடைவது) வராது என்பது உண்மையா?

கிட்டத்தட்ட. முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் எழுதினால் உடையும். இரண்டு ஃபங்ஷன்களைச் சமமா என்று ஒப்பிட்டால் உடையும். பூஜ்யத்தால் வகுத்து மீதி கேட்டால் உடையும். ஆனால் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று அமைதியாகச் சொல்லிவிடும். இந்தக் கடைசி முடிவை என்னால் இன்றுவரை ரசிக்க முடியவில்லை. உடையாமல் இருப்பதும் சரியாக இருப்பதும் வேறு வேறு.

எல்ம் செத்துவிட்டதா?

0.19 பதிப்பு 2018இல் வந்தது, 0.19.1 அடுத்த ஆண்டு அக்டோபரில். அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் புதிய பதிப்பு வரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் இது மரண அறிவிப்பு மாதிரி. மறுபக்கம் பார்த்தால், 2019இல் எழுதிய எல்ம் கோடு அப்படியே கம்பைல் ஆகிறது. அதே வருடத்து ரியாக்ட் திட்டத்தில் பேக்கேஜ்களை நிறுவிப் பாருங்கள், புரியும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 0.19இல், ஜாவாஸ்கிரிப்டை நேரடியாக அழைக்கும் வசதியை எல்ம்மின் சொந்தப் பேக்கேஜ்களுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். வெளியே இருப்பவர்கள் 'போர்ட்' வழியாகச் செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும். ரன்டைம் எரர் வராது என்ற வாக்குறுதியைக் காப்பாற்ற இது தேவைதான். ஆனால் ஏற்கெனவே அந்த வசதியை நம்பிப் பெரிய செயலி எழுதியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அன்று போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இலக்கணத்தோடு, யார் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

அப்படியானால் என் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை என்ன செய்வது?

வரைபடம், தேதி தேர்வி, பணம் கட்டும் பெட்டி என்று வெளியிலிருந்து வருபவை அதிகம் என்றால் எல்ம் கையைக் கட்டும். பியூர்ஸ்கிரிப்டிலும் ரீஸ்கிரிப்டிலும் நேரடியாக அழைக்கலாம். டைப்பை நீங்களே அறிவிக்க வேண்டும், தப்பாக அறிவித்தால் பொறுப்பு உங்களுடையது.

ஜேசன் வாங்குவதற்கே இவ்வளவு எழுத வேண்டுமா?

எல்ம்முக்கு வருபவர்களின் முதல் புலம்பல் இதுதான். ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரியில் முடிவது, இங்கே டிகோடர் என்று ஒன்றை எழுதிக் கேட்கிறது: 'கோச்' என்ற புலத்தில் சரம், 'இருக்கை' என்ற புலத்தில் முழு எண், 'உணவு' புலம் இல்லாமலும் இருக்கலாம், இப்படி ஒவ்வொன்றாக.

எதற்காக என்பதைப் பார்ப்போம். சர்வர் பக்கத்தில் யாரோ ஒருவர் இருக்கை எண்ணை 32 என்பதற்குப் பதில் மேற்கோளுக்குள் "32" என்று அனுப்ப ஆரம்பிக்கிறார். சாதாரண ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சரம் சத்தமில்லாமல் உள்ளே வந்து, எங்கோ ஒன்றைக் கூட்டும்போது 33 ஆக வேண்டியது 321 ஆகிவிடும். எல்ம்மில் வாசலிலேயே நிற்கும்: இந்தப் புலத்தில் முழு எண்ணை எதிர்பார்த்தேன், சரம் வந்திருக்கிறது என்று புலத்தின் பாதையோடு சொல்லும். தோல்வி என்பதும் ஒரு மதிப்பாகவே வருவதால், அதற்கு என்ன காட்டுவது என்று எழுதாமல் விட முடியாது. டைப்ஸ்கிரிப்ட் உலகத்தில் வரும் தரவைச் சோதிக்கும் ஸாட் போன்ற லைப்ரரிகள் பரவியதும் இதே காரணத்துக்காகத்தான். அலுப்பு உண்மை, மறுக்கவில்லை. ஹாஸ்கெல்லில் இந்த வேலையின் பெரும்பகுதியை டைப்பைப் பார்த்துக் கம்பைலரே எழுதிக் கொடுத்துவிடும். எல்ம்மில் அந்த வசதி இல்லை.

பியூர்ஸ்கிரிப்ட், ரீசன், ரீஸ்கிரிப்ட் – என்ன வித்தியாசம்?

பியூர்ஸ்கிரிப்ட் 2013இல் ஃபில் ஃப்ரீமன் தொடங்கியது. பார்க்க ஹாஸ்கெல்தான், ஆனால் சோம்பல் மதிப்பீடு (தேவைப்படும்வரை கணக்கிடாமல் தள்ளிவைப்பது) இல்லை. ஜாவாஸ்கிரிப்டைப் போல உடனுக்குடன் கணக்கிடும். டைப் கிளாஸ் (ஒரே செயலைப் பல டைப்புகளுக்கு வரையறுக்கும் வழி) உட்பட ஹாஸ்கெல்லின் கனமான ஆயுதங்கள் பல இருக்கின்றன. எல்ம் வேண்டுமென்றே அவற்றை ஒதுக்கிவைத்தது.

ரீசன் கதை சுவாரஸ்யமானது. ரியாக்ட்டை உருவாக்கிய ஜோர்டன் வால்க் அதன் முதல் மாதிரியை எம்எல் குடும்ப மொழியில்தான் எழுதிப் பார்த்தார். பிறகு 2016இல் ஃபேஸ்புக்கிலிருந்து, ஓகாமலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் முகம் மாட்டி ரீசன் வந்தது. அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிய பக்கிள்ஸ்கிரிப்ட் கம்பைலர் ப்ளூம்பெர்க்கில் பிறந்தது. 2017இல் மெசஞ்சர் வலைத்தளத்தின் பாதி ரீசனுக்கு மாறிவிட்டதாக அறிவித்தார்கள். 2020இல் பக்கிள்ஸ்கிரிப்ட் குழு ரீஸ்கிரிப்ட் என்று பெயரை மாற்றிப் புது இலக்கணத்தோடு தனியாகப் போனது. ரீசன் பழைய பெயரிலேயே ஓகாமல் பக்கம் நின்றது. புதிதாக வந்தவர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தார்கள். நல்ல தொழில்நுட்பத்தைப் பெயர் மாற்றம் எவ்வளவு பின்னுக்குத் தள்ளும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ரியாக்ட் கோடு ஏற்கெனவே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும் என்றால் ரீஸ்கிரிப்ட்தான் வசதி.

சர்வர் பக்கம் எது?

ஹாஸ்கெல்லில் வலைத்தளம் கட்ட உதவும் யெசோட், சர்வன்ட் இரண்டும் பார்க்கத் தகுந்தவை. யெசோடில் பக்கத்துக்கான இணைப்பே ஒரு டைப். ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு அதற்கான லிங்க்கை வேறொரு டெம்ப்ளேட்டில் மறந்து விட்டால், நிரல் கம்பைல் ஆகாது. 404 வந்து யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. சர்வன்ட் இன்னும் ஒரு படி மேலே: ஏபிஐ (சர்வரிடம் என்னென்ன கேட்கலாம் என்ற வரையறை) முழுவதையும் ஒரு டைப்பாக எழுதினால், சர்வர் அதற்குப் பொருந்துகிறதா என்று சோதிப்பதோடு கிளையன்ட் ஃபங்ஷன்களையும் அதிலிருந்தே தரும். குறை, டைப் எரர் வந்தால் ஒரு பக்கம் நீளத்துக்கு வரும். எல்ம்மின் அன்பான எரர்களைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தெரிந்தவர்களுக்கு எஃப்ஷார்ப். டான் சைம் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் உருவாக்கியது, ஃபேபிள் கம்பைலர் மூலம் பிரவுசரிலும் ஓடும். சர்வரிலும் பிரவுசரிலும் ஒரே டிக்கெட் டைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக க்ளீம். லூயி பில்ஃபோல்ட் உருவாக்கியது, 1.0 பதிப்பு 2024 மார்ச்சில் வந்தது. எர்லாங் மொழியின் மெய்நிகர் இயந்திரத்திலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஓடும். மொழி மிகச் சிறியது; ஒரு வார இறுதியில் முழுக்கப் படித்துவிடலாம். இப்போது புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் ஆசையோடு காட்டும் மொழி இதுதான்.

மோனாட் (அடுத்தடுத்த செயல்களைக் கோக்கும் ஹாஸ்கெல் முறை) புரிந்தால்தான் எழுத முடியுமா?

எல்ம்முக்கும் க்ளீமுக்கும் தேவையே இல்லை. ஹாஸ்கெல்லுக்குப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும், விளக்கத் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் இதற்கு வேலை இருக்கிறதா?

குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பெங்களூரில் உள்ள ஜஸ்பே, பணப் பரிவர்த்தனை மென்பொருளில் ஹாஸ்கெல்லையும் பியூர்ஸ்கிரிப்டையும் பயன்படுத்தியிருக்கிறது. அங்கே ஆட்டோ ஓட்டுநர்களோடு பிறந்த நம்ம யாத்ரி செயலியின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது: சர்வர் ஹாஸ்கெல்லில், செயலித் திரைகள் பியூர்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை. பாடப்புத்தக உதாரணங்களைத் தாண்டி, நிஜமான ஒரு பெரிய நிரல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் அதைத் திறந்து படியுங்கள். வேலை மட்டுமே நோக்கம் என்றால் டைப்ஸ்கிரிப்ட்தான் படிக்க வேண்டும், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

எங்கே ஆரம்பிப்பது?

எல்ம்மின் அதிகாரபூர்வ வழிகாட்டி சிறியது, பிரவுசரிலேயே எழுதிப் பார்க்கலாம், எதுவும் நிறுவ வேண்டாம். ஒரு சின்னச் செயலியை முடியுங்கள். அப்புறம் அதில் ஒரு டைப்பை வேண்டுமென்றே மாற்றி, கம்பைலர் சொல்கிறபடி மட்டும் திருத்திக்கொண்டே வாருங்கள். இந்த மொழிகள் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்துகளை இந்த மொழிகள் சரியாகக் கையாளுமா?

காட்டுவதில் பிரச்சினை இல்லை, எண்ணுவதில்தான். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. எல்ம், ஹாஸ்கெல்லின் டெக்ஸ்ட், எஃப்ஷார்ப் மூன்றும் நீளம் 5 என்று சொல்லும். ஓகாமல் பைட்டுகளை எண்ணுவதால் 15 என்கும். க்ளீம் மட்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி 3 என்று சொல்லும். எல்ம்மில் இடமிருந்து நாலு மட்டும் கொடு என்று வெட்டினால் புள்ளி விழுந்து 'தமிழ' என்று வரும். திருப்பிப் போட்டால் குறிகள் இடம் மாறி வாசிக்கவே முடியாத ஒன்று கிடைக்கும். கம்பைலர் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதற்கு இரண்டுமே சரம்தான்.

சொல் விளையாட்டோ, எழுத்து எண்ணிக்கைக் கட்டுப்பாடுள்ள படிவமோ எழுதுகிறீர்கள் என்றால் 'எழுத்து' என்று தனி டைப் வைத்து, அதன் உள்ளமைப்பை ஒரே மாட்யூலுக்குள் மறைத்துவிடுங்கள். சரத்திலிருந்து எழுத்துப் பட்டியலாக மாற்றும் ஃபங்ஷன் அந்த மாட்யூலில் மட்டும் இருக்கட்டும். வெட்டுவது, எண்ணுவது, திருப்புவது எல்லாம் அந்தப் பட்டியலின் மேல் நடந்தால் புள்ளி தனியாக விழ வழியில்லை. பிரவுசரில் பிரிக்கும் வேலைக்கு இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. எல்ம்மில் போர்ட் வழியாக அழைக்க வேண்டும். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அது இரண்டு இரண்டு துண்டாகப் பிரித்துத் தரும். அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் விதியை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.